கோணல் பொறுக்காத ஓவியங்களும் சேலத்தின் ஒரு பிரேம் கடையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கடைவீதியை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பிரேம் கடை இருக்கிறது. சாமிப் படக்கடை என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் யாரும் வழிகாட்டுவார்கள். முருகன், லட்சுமி படங்களுக்கும் திருமணப் புகைப்படங்களுக்கும் சட்டமும் கண்ணாடியும் போட்டுத் தருவதுதான் அங்கே அன்றாட வேலை. ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்துக்காக வாங்கிய மூன்றடிச் சதுர அக்ரிலிக் ஓவியம் ஒன்றையும், ஜெர்மனியில் பிறந்த அமெரிக்க ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸின் 'சதுரத்துக்கு வணக்கம்' வரிசையைச் சேர்ந்த ஓர் ஓவியத்தின் காகித அச்சையும் இக்கடையில் கொடுத்துச் சட்டமிட்டு வாங்கினேன். இரண்டுமே கோடு, சதுரம், நிறம் ஆகியவற்றை மட்டுமே நம்பி நிற்கும் வடிவியல் அரூப ஓவியங்கள். இவ்வகை ஓவியத்துக்குச் சட்டமிடச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை என்று இக்கடையின் வேலையைப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்வேன்.

மலையையும் மரத்தையும் வரைந்த ஓவியத்தில் சட்டம் சற்றுக் கோணினாலும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை; மரக்கிளைகளின் வளைவே அந்தக் கோணலை மறைத்துவிடும். வடிவியல் ஓவியத்தில் அதற்கு இடமே இல்லை. ஓவியத்தின் விளிம்புக்கு இணையாக ஒரு கறுப்புக் கோடு ஓடும்போது, அந்தக் கோட்டுக்கும் சட்டத்துக்கும் இடையிலான வெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால், அது இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடாக இருந்தாலும், கண் வேறெதையும் பார்க்க மறுக்கும். வேறொரு கடையில் முன்பு நான் சட்டமிட்ட படம் ஒன்றில் நாற்பத்தைந்து பாகையில் அறுத்த மூலைகள் மழைக்காலம் முடிவதற்குள் பிளந்துகொண்டன என்பதால், இம்முறை வேலையை அருகிலிருந்தே கவனித்தேன்.

கடைக்காரர் முதலில் சட்டத்தின் மாதிரிகளை எடுத்துக் காட்டவில்லை. ஓவியத்தை மேசைமீது கவிழ்த்து வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தார். நான்கு பக்கங்களும் சமமாக இருந்தாலும் மூலைவிட்டங்கள் சமமில்லையென்றால் அது சதுரமில்லை. எங்கள் ஓவியத்தில் கேன்வாஸ் இழுத்துக் கட்டிய மரச்சட்டம் சற்றுச் சாய்ந்திருந்தது. "இதை நேராக்காம வெளிச்சட்டம் போட்டா, கோணலுக்குக் கோணல் ஜோடி சேர்த்த மாதிரி ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டு, உள்மூலைகளில் இருந்த ஆப்புகளைச் சிறு சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டி, மீண்டும் அளந்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே விலையைப் பேசினார். இந்த ஒரு செயலுக்காகவே இக்கடையைப் பரிந்துரைக்கலாம்.

அடுத்து, எந்த வகைச் சட்டம் என்ற கேள்வி. வழக்கமான சட்டத்தின் உதடு ஓவியத்தின் நான்கு ஓரங்களிலும் சுமார் ஆறு மில்லிமீட்டரை மூடிவிடும். எங்கள் ஓவியத்தின் வலது ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு காவிப்பட்டை இருக்கிறது. அதில் பாதி மறைந்தால், இடதுபக்கத்துப் பெரிய வெள்ளைக் கட்டத்தைத் தாங்கும் எடையே போய்விடும். ஆகவே, ஓவியத்தைச் சுற்றிச் சிறு இடைவெளி விட்டு, விளிம்பு முழுவதும் தெரியும்படி அமைக்கும் ஃப்ளோட்டர் சட்டத்தைக் கேட்டேன். கடையில் அது வழக்கமில்லை. ஆயினும், தேக்குச் சட்டத்தை எல் வடிவில் இழைத்து, உட்புறத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்பு பூசி, நான்கு பக்கமும் ஒரே அளவான இடைவெளியுடன் செய்து கொடுத்தார்கள். வடிவியல் அரூப ஓவியத்தின் முன்னோடியான டச்சு ஓவியர் பியட் மோந்திரியான் தம் ஓவியங்களைச் சட்டத்துக்குள் அமிழ்த்தாமல், சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஓவியம் சுவரிலிருந்து முன்னே வரும்படி அமைத்தார். ஓவியம் ஒரு சன்னல்வழிக் காட்சியன்று, சுவரில் இருக்கும் ஒரு பொருள் என்ற அவருடைய எண்ணத்துக்கு அதுவே பொருத்தம். எங்கள் கூடத்தில் இப்போது அந்தப் பொருள்தன்மை நன்றாகவே தெரிகிறது.

ஆல்பர்ஸின் அச்சுக்கு வேறு விதமான கவனம் தேவைப்பட்டது. அவர் 1950 முதல் 1976-இல் இறக்கும்வரை வரைந்த இவ்வரிசையில், ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் சதுரங்கள் நடுவில் நிற்பதில்லை. கீழ் ஓரம் ஒரு பங்கு என்றால் பக்கங்கள் இரண்டு பங்கு, மேல் ஓரம் மூன்று பங்கு. சதுரங்கள் கீழ்நோக்கி அமர்ந்திருக்கும். இதைத் தலைகீழாகச் சட்டமிட்டால் ஓவியமே மாறிவிடும். பெரிய இடங்களிலும் இப்படி நேர்ந்திருக்கிறது: மோந்திரியானின் 1941-ஆம் ஆண்டு ஓவியமான 'நியூயார்க் சிட்டி 1' பல்லாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்குகிறது என்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் உள்ள ஓர் அருங்காட்சியகம் 2022-இல் அறிவித்தது, திருப்பினால் அதிலுள்ள ஒட்டுநாடாக்கள் பிய்ந்துவிடக்கூடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இக்கடையில் அச்சைக் கையில் வாங்கியதுமே பின்புறத்தில் பென்சிலால் மேல்நோக்கி அம்புக்குறி போட்டுக்கொண்டார்கள். கண்ணாடி அச்சைத் தொடாதவாறு இடையில் மவுண்ட் போர்டு என்னும் தடித்த ஓர அட்டை வைத்ததும் சரியான செயல். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் சன்னல்வழியே உள்ளே வரும் ஏற்காட்டில், கண்ணாடியோடு ஒட்டிய காகிதத்தில் பூசணம் பிடிப்பது உறுதி.

மாட்டித் தருவதற்கும் தனிக்கட்டணத்தில் ஆள் அனுப்புகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்தும் மூலைகளில் ஒரு கீறல் இல்லை; அட்டைக் காப்பு அவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. வந்த இளைஞர் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டுவந்திருந்தார். எங்களுடையது பழைய வீடு. கூரையின் உத்தரம் மட்டமாக இல்லை. மட்டமில்லாத உத்தரத்துக்கு அருகில், ரசமட்டப்படி மிகச் சரியாக மாட்டிய சதுர ஓவியம்தான் கோணலாகத் தெரியும். இதைச் சொன்னதும் அவர் புரிந்துகொண்டு, உத்தரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, வேறு கோடு எதுவும் அருகில் இல்லாத உட்சுவரைத் தேர்ந்தெடுத்தார். மழைநீர் ஊறும் வெளிச்சுவரைத் தவிர்க்கவும் அதுவே உதவியது. ஒற்றை ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் கதவு அடைபடும்போதெல்லாம் படம் நகரும் என்பதால், இரண்டு இடங்களில் டிரில் போட்டு, பிளக் அடித்து, இரு வளையங்களில் மாட்டினார். சட்டத்தின் பின்னால் ஒட்டிய ரப்பர் குமிழ்கள் சுவருக்கும் ஓவியத்துக்கும் இடையே காற்றோட்டம் தருகின்றன. ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இருப்பது நின்று பார்ப்போருக்கான வழக்கம். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்தே பார்ப்பதால் இன்னும் ஓரளவு கீழிறக்கச் சொன்னேன்.

விளக்கைப் பற்றி மட்டும் கடைக்காரர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம்; அதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சளொளி எல்.இ.டி. நீலத்தை மங்கச் செய்யும்; வெள்ளையொளி காவியை வெளிறச் செய்யும். இரண்டுக்கும் இடைப்பட்ட 4,000 கெல்வின் ஒளிநிறத்தில், நிறத்தை உண்மையாகக் காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) நூற்றுக்கு 90-க்கு மேல் உள்ள விளக்கு எங்களுக்குப் பொருந்தியது.

குறைகளும் உண்டு. காகிதத்தை நாளடைவில் மஞ்சளாக்காத அமிலமற்ற மவுண்ட் போர்டைக் கடையில் வைத்திருப்பதில்லை. கேட்டால் வரவழைக்கிறார்கள், அதற்குக் காத்திருக்க வேண்டும். ஒளி எதிரொளிக்காத கண்ணாடி என்று அவர்கள் காட்டியது நிறங்களைப் பால் கலந்தது போல மங்கச் செய்தது. ஆல்பர்ஸுக்கு அது ஆகவே ஆகாது என்பதால் சாதாரணக் கண்ணாடியையே போட்டு, சன்னலுக்கு எதிரில்லாத சுவரில் மாட்டினோம். பூவேலை செய்த தங்கநிறச் சட்டங்களையே அழகு என்று அங்குள்ளவர்கள் நம்புவதால், வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன தேதிக்கும் தரவில்லை. ஃப்ளோட்டர் சட்டத்துக்கு ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. தேக்குக்கும் கைவேலைக்கும் அது நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

ஓவியத்தோடு, எந்த ஓரமும் மறைபடக்கூடாது, எது மேற்பக்கம், எங்கே மாட்டப்போகிறோம் என்பவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எழுதிக் கொடுத்ததை அவர்கள் வேலை முடியும்வரை ஓவியத்தின் பின்னாலேயே செருகி வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் சாமிப் பட வேலை குவிந்துவிடும் என்பதால், ஆவணி பிறப்பதற்குள் கொடுத்துவிடுவது நல்லது.