பெட்டியில் கிடக்கும் மூன்று ரிசீவர்கள்

வீட்டு டிஷ் ஆண்டெனாவிலிருந்து கழற்றிப் போட்ட சாமான்களை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் அதைக் கொட்டி எண்ணிப் பார்த்தேன். மூன்று ரிசீவர், ஐந்து எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் பாகம்), இரண்டு டைசெக் சுவிட்ச் (பல எல்என்பிகளை ஒரே கேபிளில் சேர்ப்பது), ஒரு கைப்பிடி துருப்பிடித்த கனெக்டர். ஒன்பது வருடக் கணக்கு இது. இதில் நிஜமாகவே செத்துப்போனவை எத்தனை என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ரிசீவர் மூன்றில் இரண்டு இன்னும் ஜம்மென்று ஓடுகின்றன. எல்என்பி ஐந்தில் மூன்று உயிரோடு இருக்கின்றன. படம் போனபோதெல்லாம் குற்றவாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவனைத் தண்டித்திருக்கிறேன்.

நான் முதலில் வைத்தது 60 செ.மீ. கேயு பேண்ட் டிஷ். கேயு, சி என்பவை செயற்கைக்கோள் சிக்னல் வரும் இரண்டு அலைவரிசைத் தொகுதிகள். இரண்டாம் வருடம் அதை 90 செ.மீ.க்கு மாற்றினேன். அதற்கடுத்த வருடம் சி பேண்டுக்காக 8 அடி வலை டிஷ் ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தினேன். காசு கட்டிப் பார்க்கும் சேவை என்றால் இந்தத் தலைவலி கிடையாது. டிஷ், எல்என்பி, பாக்ஸ் எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து அவர்களே மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த பாக்ஸ் பெரும்பாலும் அவர்களுடைய சேனல்களுக்கு மட்டும்தான் உதவும். நான் சொல்வது இலவச சேனல்களுக்காகப் பாகங்களைத் தனித்தனியே பொறுக்கி மாட்டுகிற கதை.

வாங்கப் போகும் முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேண்டிய சேனல் எந்தச் செயற்கைக்கோளில் வருகிறது, எந்த பேண்டில் வருகிறது, அதன் பீம் (அது கீழே வீசும் சிக்னல்) நாம் இருக்கும் இடத்தில் எவ்வளவு பலமாக விழுகிறது. கேயு பேண்ட் என்பது 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை, சி பேண்ட் 3.4 முதல் 4.2 வரை. சி பேண்டின் அலைநீளம் ஏறக்குறைய 7.5 செ.மீ., கேயுவுக்கு 2.5. அலை நீளமானது என்பதால்தான் சி பேண்டுக்குப் பெரிய டிஷ் கேட்கிறது. அதை வலையில் செய்ய முடிவதும் அதனால்தான், அந்த அலைக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாது. அதே வலையைக் கேயுவுக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை.

டிஷ் அளவில் கஞ்சத்தனம் பண்ணியதற்கு முதல் வருடம் முழுக்க அனுபவித்தேன். 60-லிருந்து 90-க்குப் போனால் பரப்பு 2.25 மடங்காகிறது, சிக்னல் பலத்தில் கிடைக்கும் லாபம் சுமார் 3.5 டெசிபெல். வெயில் நாளில் இரண்டுக்கும் படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. டிஜிட்டல் என்றால் வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும், நடுவில் எதுவும் இல்லை. அந்த 3.5 டெசிபெல் என்ன செய்கிறது என்பது மழைக்காலத்தில் தெரிந்தது. 60 செ.மீ.யில் வானம் இருட்டினாலே படம் உறையும். பல நாள் இங்கே ஒரு துளி விழுவதற்குள்ளேயே உறைந்திருக்கிறது. மழை மேகம் டிஷ் பார்க்கிற திசையிலிருந்து வருகிறது என்று அதற்கு அர்த்தம். 90 வைத்த பிறகு கொட்டு கொட்டென்று கொட்டுகிற அந்தப் பத்து இருபது நிமிடம்தான் போகிறது. சி பேண்டோ அந்த மழையிலும் அசையாது.

பெரிய டிஷ்ஷுக்கு ஒரு குணம் உண்டு, அது பார்க்கிற கோணம் குறுகிவிடும். 60 செ.மீ. கேயு டிஷ் சுமார் 3 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும், 90 செ.மீ. 2 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பார்க்கும். பக்கத்துச் செயற்கைக்கோளின் இரைச்சல் குறைவது நல்லதுதான், ஆனால் திருப்பும்போது கை நடுங்கினால் ஆள் காணாமல் போய்விடுவான். குழாய் செங்குத்தாக இருக்கிறதா என்று முதலில் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நான் இரண்டு மாலைகளை வீணாக்கினேன். மேலே நான், கீழே டிவி முன்னால் தம்பி.

"வருதாடா?"

"நாற்பது... ஐம்பது... அண்ணா நிறுத்து நிறுத்து... போச்சு!"

அவன் வாசித்தது எந்தக் கோட்டை என்பதுதான் அந்த மாலைகளின் சோகம். ரிசீவர் திரையில் இரண்டு கோடு வரும், ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் என்பது கேபிளில் ஏதோ ஒன்று வருகிறது என்பதை மட்டும் சொல்லும். எல்என்பி எழுப்பும் வெறும் இரைச்சலுக்கே அது 70 காட்டும். டிஷ்ஷைத் திருப்பும்போது பார்க்க வேண்டியது குவாலிட்டி. அந்த எண்ணையும் இன்னொரு ரிசீவரின் எண்ணோடு ஒப்பிட முடியாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவுகோல். இன்னொரு விஷயம்: கேயு டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. முகம் பார்க்கிற திசையைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலேயிருந்துதான் சிக்னல் எடுக்கும். பார்வைக்கு எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல நிற்கும், பயப்பட வேண்டாம்.

8 அடி வலை டிஷ் வேறு பாடம் நடத்தியது. மாட்டிவிட்டுப் போனவர் "இதுக்கு மேல வராது சார்" என்று சொல்லிவிட்டார், நானும் ஒரு வருடம் அதை நம்பினேன். அப்புறம் ஒரு விடுமுறை நாளில் இரண்டு நூலை எடுத்து டிஷ்ஷின் விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினேன். டிஷ் கோணாமல் இருந்தால் இரண்டு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள வேண்டும். என்னுடையதில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, ஓர் இதழை உள்ளே தள்ளி, மறுபடி முடுக்கினேன். அதே நூலின் நடுவிலிருந்து டிஷ்ஷின் அடி வரை ஆழத்தையும் அளந்தேன். விட்டம் 240 செ.மீ., ஆழம் 40 செ.மீ. விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியம் வந்துவிடும்: 57,600-ஐ 640-ஆல் வகுக்க 90 செ.மீ. ஃபீட் ஹார்னின் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கி எல்என்பிக்குக் கொடுக்கும் குழல்) வாயோ 86-இல் நின்றது. தாங்கு கம்பிகளைச் சரிசெய்து அதை 90-க்கு உயர்த்தினேன். பிறகு 90-ஐ 240-ஆல் வகுத்து, வருகிற 0.375-க்கு ஏற்றபடி ஃபீட் ஹார்னைச் சுற்றியிருக்கும் வளையத்தை அதில் போட்டிருக்கும் கோட்டில் நகர்த்தினேன். புதுசாக ஒரு பாகமும் வாங்கவில்லை, குவாலிட்டி 48-லிருந்து 67-க்கு ஏறியது.

எல்என்பிக்கு வருவோம். கேயு எல்என்பியின் டப்பாவில் 0.1 டெசிபெல் நாய்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது தானாகச் சேர்க்கும் இரைச்சல், குறைந்தால் நல்லது என்று கணக்கு. 0.1 போட்ட இரண்டையும் 0.3 போட்ட ஒன்றையும் ஒரே டிஷ்ஷில், ஒரே மதியத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். 0.3-தான் ஜெயித்தது. டப்பாவில் இருக்கும் எண்ணைவிட எல்என்பியின் மேல் ஒட்டியிருக்கும் எல்ஓ அலைவரிசை (சிக்னலைக் கேபிளுக்கு ஏற்றபடி இறக்க எல்என்பி உள்ளே உருவாக்கும் அலைவரிசை, மெகாஹெர்ட்ஸில்) முக்கியம். யுனிவர்சல் என்றால் 9750, 10600 என இரண்டு இருக்கும். சி பேண்ட் என்றால் வழக்கமாக 5150. இதைத்தான் ரிசீவரில் கொடுக்க வேண்டும், தப்பாகக் கொடுத்தால் டிஷ் எவ்வளவு துல்லியமாக நின்றாலும் ஸ்கேனில் பூஜ்யம்தான்.

எனக்கு நிஜமான தலைவலி வெயிலில் வந்தது. சி பேண்டில் சிம்பல் ரேட் (தரவு அனுப்பும் வேகம்) குறைவான, 2000, 3000 என்று வருகிற சின்ன சேனல்கள் சில எனக்குப் பிடித்தவை. காலையில் வரும், மதியம் ஒரு மணிக்கு மறையும், சாயங்காலம் திரும்ப வரும். பெரிய டிரான்ஸ்பாண்டர்களுக்கு (பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் செயற்கைக்கோள் அலைவரிசைகள்) ஒரு சங்கடமும் இல்லை. ரிசீவர் சூடாகிறது என்று முடிவு கட்டி அதற்கு ஃபேன் வைத்தேன். அப்புறம் ரிசீவரையே மாற்றினேன் (பெட்டியில் இருக்கும் முதலாவது அதுதான்). கடைசியில் பார்த்தால் சூடானது எல்என்பி. பழைய வகை எல்என்பிகளில் அந்த எல்ஓவை உருவாக்கும் ஆசிலேட்டர் வெப்பத்தில் ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அகலமான டிரான்ஸ்பாண்டரில் அது ஒரு பொருட்டே இல்லை, ஒடுங்கிய சேனலிலோ ஆளே நகர்ந்துபோன மாதிரி. அலைவரிசையை நகராமல் பூட்டி வைக்கும் பிஎல்எல் வகை எல்என்பி மாட்டினேன், அன்றோடு மதியப் பிரச்சினை தீர்ந்தது. சின்ன சேனல் வேண்டுமென்றால் அந்த வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது ரிசீவர் போன கதைதான் எனக்கு இன்னும் வெட்கம். ஒருநாள் காலையில் கேயுவில் பாதி சேனல் இல்லை. பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில், போனவை எல்லாம் ஹாரிசான்டல் (அலை படுக்கையாக அதிர்ந்து வருபவை); வெர்டிகல் (செங்குத்தாக அதிர்ந்து வருபவை) அத்தனையும் இருக்கின்றன. எதை எடுக்க வேண்டும் என்று எல்என்பிக்குச் சொல்வது ரிசீவர் அனுப்பும் வோல்டேஜ்தான்: 13 என்றால் வெர்டிகல், 18 என்றால் ஹாரிசான்டல். 18 வரவில்லை என்றால் ரிசீவர்தானே கெட்டது? வாங்கினேன் புதுசு. அதிலும் அதே பாதி! மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கேபிளைக் கழற்றி முனையில் வைத்தால் 18.2 காட்டுகிறது. சரி, எல்என்பிதான் என்று அதையும் மாற்றினேன். அப்போதும் பாதிதான். மூன்றாம் நாள், மூன்று வாய் உள்ள டி-வடிவக் கனெக்டர் போட்டு எல்என்பி இணைந்திருக்கும்போதே அளந்தேன். 14.1. எல்என்பி மின்சாரம் இழுக்காதவரை நல்ல பிள்ளையாக நின்ற கேபிள், இழுக்க ஆரம்பித்ததும் 4 வோல்ட்டை விழுங்கியிருக்கிறது. டிஷ் பக்கத்துக் கனெக்டரைத் திறந்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. திருகி மாட்டுகிற மலிவு வகைக் கனெக்டர், டேப் சுற்றவில்லை, அரை அடி தூரத்துக்குக் கேபிளின் உள்வலையில் தண்ணீர் ஏறியிருந்தது.

அன்றே மொத்தக் கேபிளையும் மாற்றினேன். ஆர்ஜி-6, 75 ஓம். நடுக்கம்பி முழுக்கச் செம்பாக இருப்பதா, இரும்பின் மேல் செம்பு பூசியதா என்று பார்த்து வாங்க வேண்டும். சிக்னலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வோல்டேஜ் கொண்டு போவதற்குச் செம்புதான் நல்லது. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரிவது இரும்பு. கனெக்டர் கம்ப்ரஷன் வகை. அதை அழுத்த ஒரு கருவி வேண்டும், வாங்கிவிட்டேன். அதன் மேல் ரப்பர் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் டேப். எல்என்பிக்குப் போகும் முன் கேபிளைக் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு விட்டேன், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகட்டும் என்று. ஆறு வருடமாக அந்த முனையைத் தொடவில்லை.

அந்த ஆறு வருடத்தில் நடந்த மூன்றாவது ரிசீவர் மாற்றம் நியாயமானது. பழையதில் டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறை) இருந்தது, எச்இவிசி (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) இல்லை. சேனல்கள் எச்இவிசிக்கு மாற மாற, குரல் மட்டும் வந்து திரை கருப்பாக நின்றது. இப்போது ரிசீவர் வாங்குகிறவர்கள் எச்இவிசியும் பிளைண்ட் ஸ்கேனும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும், அலங்காரமெல்லாம் பிறகு. பிளைண்ட் ஸ்கேன் இருந்தால் ரிசீவரே சேனல்களைத் தேடிக்கொள்ளும், அலைவரிசைப் பட்டியலை நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இரண்டு டிஷ்ஷையும் ஒரே கேபிளில் கொண்டுவருவது டைசெக் சுவிட்ச். 1.0 வகை நான்கு எல்என்பி வரை தாங்கும். எதை எந்தத் துளையில் மாட்டினோம் என்று பெயிண்டால் எழுதிவிடுவது நல்லது, நான் எழுதாமல் இருட்டில் தடவியிருக்கிறேன். இரண்டாவது டிவிக்குச் சாதாரண ஸ்பிளிட்டர் போட்டால் ஒருவர் ஹாரிசான்டல் பார்க்கும்போது மற்றவருக்கு வெர்டிகல் போய்விடும். இரட்டை வெளியீடு உள்ள ட்வின் எல்என்பிதான் வழி.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஃபீட் ஹார்னைப் பார்ப்பேன், இரண்டு தடவை குளவி உள்ளே மண்கூடு கட்டியிருந்தது. வெயிலில் மூடி வெடித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும், தண்ணீர் இறங்கினால் எல்என்பி போச்சு. செத்துப்போன இரண்டும் அப்படித்தான் செத்தன. மார்ச்சையும் செப்டம்பர், அக்டோபரையும் ஒட்டிச் சில நாட்கள், சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும்போது சில நிமிடம் படம் போகும், தானாகவே திரும்பும். அப்போது டிஷ்ஷைத் தொடக் கூடாது. சி பேண்ட் மொத்தமும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் பக்கத்தில் 5ஜி கோபுரம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 3.3 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸில் வருகிற அந்தச் சத்தம் எல்என்பியையே திணறடிக்கும். 3.7-க்குக் கீழே வெட்டுகிற ஃபில்டர் உண்டு, அதற்குக் கீழே இருக்கும் சேனல்களை மறந்துவிட வேண்டியதுதான்.

ரிசீவரின் அடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். தெளிவான நாளில், குறிப்பிட்ட ஒரே டிரான்ஸ்பாண்டரில் குவாலிட்டி எவ்வளவு என்று அவ்வப்போது அதில் குறிப்பேன். போன வருடம் 78. நேற்று 74. எச்இவிசி எல்லாம் உள்ள புது ரிசீவர், அதன் மேல் சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலே போய் டேப்பை உரித்துக் கனெக்டரைப் பார்க்க வேண்டும்.