காலியான இடத்துக்கு யார்? இடைத்தேர்தலும் மறு எண்ணிக்கையும்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலம் 1909 பொதுத்தேர்தலில் ஐந்து தொகுதிகளுக்கும் தலா ஆறு உறுப்பினர்களை, வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசைப்படி குறிக்கும் விகிதாச்சார முறையில் தேர்ந்தெடுத்தது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பெற்றவருக்கு இடம் உறுதி என்பதால், சிறுபான்மைக் கருத்துக்கும் அவையில் குரல் கிடைத்தது. ஆனால் ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ அந்த ஓர் இடத்துக்குத் தொகுதி முழுவதும் வாக்களிக்க வேண்டியிருந்ததால், சிறுபான்மையினர் வென்ற இடம் பெரும்பான்மைக் கட்சியின் கைக்குப் போய்விடக்கூடிய நிலை இருந்தது. இது வெளிப்படையான அநீதி என்றே கருதுகிறேன்.

1917 சட்டம் மறு எண்ணிக்கை என்ற முறையால் இதைச் சரிசெய்தது. விலகியவரைத் தேர்ந்தெடுத்த வாக்குச்சீட்டுகளையே மீண்டும் எடுத்து, அவற்றில் அடுத்த விருப்பமாகக் குறிக்கப்பட்டவர்களுள், முன்பு போட்டியிட்டுத் தோற்று, இப்போதும் பொறுப்பேற்க இசைபவருக்கு இடம் வழங்கப்பட்டது. செலவும் பிரசாரமும் மிச்சம். அந்த வாக்காளர்களின் விருப்பமும் காக்கப்பட்டது.

எனினும் இம்முறையில் புதியவர் நுழைய வழியில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில், ஒற்றை உறுப்பினர் தொகுதியான ஃபாரஸ்டில், தந்தையின் மறைவால் 1925இல் வந்த இடைத்தேர்தலில்தான் மே ஹோல்மன் உறுப்பினரானார். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் தொழிற்கட்சிப் பெண் அவரே. அதற்கு முந்தைய தேர்தலில் அங்கு நின்றவர் அவருடைய தந்தை என்பதால், மறு எண்ணிக்கை இருந்திருந்தால் மே ஹோல்மனுக்கு இடமே கிடைத்திராது. ஆகவே பல உறுப்பினர் தொகுதிக்கு மறு எண்ணிக்கையும், ஒற்றை உறுப்பினர் தொகுதிக்கு இடைத்தேர்தலுமே பொருத்தமானவை.