புதுச்சேரியில் கார் புக் செய்யும் கடலூர்க்காரர்கள் கவனிக்க

கடலூரில் சொன்னதைவிட இருபதாயிரம் தள்ளுபடி அதிகம் என்றார்கள். அந்த ஆசையில்தான் புதுச்சேரி ஷோரூமுக்குப் போனேன். வைகாசிக் கடைசியில் 25,000 ரூபாய் கட்டி, வெள்ளை நிறத்தில் நடுத்தர மாடல் ஒன்றைப் புக் செய்தேன்.

"ஆடியில யார் சார் வண்டி எடுக்கிறாங்க? ஆவணி முதல் முகூர்த்தத்துல சாவி உங்க கையில" என்றார் விற்பனையாளர். அம்மா திருவந்திபுரத்தில் பூஜை போட நாளே பார்த்துவிட்டார்.

ஆனியில் போன் வந்தது. அலாட்மென்ட் ஆகிவிட்டதாம், இன்னும் 1,25,000 கட்டினால் வண்டியை என் பெயரில் ஒதுக்கிவிடுவார்களாம். கட்டினேன். சேஸிஸ் நம்பர் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. ஒதுக்கிய வண்டி என்றால் அதற்கு ஒரு நம்பர் இருக்க வேண்டும். கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

ஆவணி வந்தது, வண்டி வரவில்லை. லாரி கிளம்பவில்லை, கம்பெனியில் ஸ்டாக் இல்லை என்று நாளுக்கொரு கதை. புரட்டாசி பிறந்ததும் விஷயத்துக்கு வந்தார்கள்: நீங்கள் கேட்ட மாடல் இப்போதைக்கு வராது, மேல் மாடல் தயாராக நிற்கிறது, 85,000 கூடுதல். அதே வாரம் என்னோடு வேலை பார்ப்பவரின் மைத்துனர் அதே ஷோரூமில் அதே வெள்ளை வண்டியை எடுத்தார். எனக்கு ஒரு மாதம் கழித்துப் புக் செய்தவர். இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் எல்லாம் அங்கேயே வாங்கச் சம்மதித்தாராம். இன்சூரன்ஸை வெளியில் போட்டுக்கொள்கிறேன் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். காரணம் அதுதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் கேன்சலேஷன் என்று 10,000 பிடிப்பார்களாம். புக்கிங் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது: டெலிவரி தேதி உத்தேசமானது, விலை டெலிவரி நாளின் விலை, வழக்கு என்றால் புதுச்சேரியில்தான். ஆவணி என்பது வாயோடு போன சொல். படிவத்தில் தேதி எழுதச் சொல்லாதது என் தப்பு.

கார் கம்பெனிக்கு மெயில் போட்டேன். புக்கிங் டீலருக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம் என்று கை கழுவினார்கள். அப்புறம் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், செலவில்லை. புகாரை டீலருக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. டீலர் தந்த பதிலைப் பாருங்கள்: "வாடிக்கையாளர் தாமாகவே ரத்து செய்தார்." நான் போனில் கோபமாக "வண்டியே வேண்டாம், பணத்தைக் கொடுங்க" என்றதைத்தான் அப்படித் திருப்பிவிட்டார்கள். தயவுசெய்து போனில் ரத்து என்ற சொல்லையே எடுக்காதீர்கள். 'ஒப்புக்கொண்ட வண்டியை நீங்கள் தராததால் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கிறேன்' என்று எழுத்தில் கொடுங்கள். நான் பிறகு அப்படித்தான் 15 நாள் கெடு வைத்து, ஒப்புகை அட்டையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன்.

கெடு முடிவதற்குள் நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவையும் எழுதினேன். புதுச்சேரிக்கு அலைய வேண்டுமோ என்றுதான் பயந்தேன். வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனு போடலாம். எனக்குக் கடலூர் மாவட்ட ஆணையமே போதும். கட்டணமும் காரின் விலையை வைத்து அல்ல, நாம் கட்டிய தொகையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மனுவின் நகலை ஷோரூம் மேலாளருக்கு அனுப்பினேன். நான்காம் நாள் 1,50,000 ரூபாயும் பிடித்தமில்லாமல் கணக்கில் ஏறியது. கூடவே ஒரு கடிதம்: இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பவும். போடவில்லை. வங்கிக்குக் கட்டிய லோன் பிராசஸிங் கட்டணம் 3,540 ரூபாய், இத்தனை நாள் பணத்தை வைத்திருந்ததற்கு வட்டி, இரண்டும் பாக்கி. மனுவைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.