களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வண்ணத்துப்பூச்சிக் கன்றுத் தோட்டம்

வண்ணத்துப்பூச்சி வரவேணும் என்று வெறும் பூக்கன்று மட்டும் நடுகிறவர்கள், களுவாஞ்சிக்குடிப் பக்கம் பெண்கள் சங்கம் ஒன்று கன்று விற்க நடத்தும் இந்தத் தோட்டத்துக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கள். பூவுக்கு வருவது தேன் குடிக்கத்தான், முட்டை போட ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி இலை வேண்டும் என்பதை அங்கே இருந்த அக்கா பொறுமையாகச் சொல்லித் தந்தார். தேசிக்காய்க் கன்றின் இலையைப் புரட்டிக் காட்டினார். காக்கா எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு குட்டிப் புழு, பக்கத்திலேயே வளர்ந்து பச்சை நிறமாகிவிட்ட இன்னொன்று. கறிவேப்பிலை, எருக்கலை, ஆடுதின்னாப்பாளையும் இருக்கிறது. மருந்து அடிப்பதில்லை, அதனால் இலையில் ஓட்டை இருக்கும், அதைக் குறையாக எடுக்காதீர்கள்.

கென்யாவில் அரபுக்கோ சொகோகே காட்டோர மக்கள் 1993இல் தொடங்கிய கிபெபெயோ திட்டத்தில் வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழு வளர்த்து வெளிநாட்டுக் காட்சியகங்களுக்கு விற்கிறார்கள். ஆனால் நம் இலங்கையில் பல இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, பூச்சியைப் பிடித்து விற்கப் போனால் வில்லங்கம். அதனால் இவர்கள் பூச்சியை விடுத்துக் கன்று விற்பது நல்ல யோசனை, காசும் நேராக அந்தப் பெண்களின் கைக்கே போகிறது.

குறை என்றால் கன்று வைத்துத் தரும் பைதான். மெல்லிய பொலித்தீன், பஸ்ஸில் வரும்போதே ஒன்று கிழிந்து மண் எல்லாம் கொட்டிவிட்டது. பெட்டி ஒன்று கொண்டுபோங்கள். எருக்கலைப் பால் கண்ணில் படக்கூடாது, பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் கவனம். அப்புறம், தயவுசெய்து விலை பேசிக் குறைக்காதீர்கள்.