முழு மால்ட்டா, பச்சை பார்லி கலப்பா? ஐரிஷ் பாணி விஸ்கி மாஷ்: ஓர் ஒப்பீடு

ஐரிஷ் பாணியில் விஸ்கிக்கு மாஷ் (நொறுக்கிய தானியத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கலவை) போட நினைக்கும் யாருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான்: பார்லி முழுவதையும் முளைகட்டிய மால்ட்டாகப் போடுவதா, பாதியை முளைகட்டாமல் பச்சையாகவே சேர்ப்பதா? மூன்றாவதாக மக்காச்சோளம் போட்டுச் செய்யும் கிரெய்ன் மாஷும் இருக்கிறது. மூன்றுமே அசல் ஐரிஷ் விஸ்கிதான். ஆனால் 30 லிட்டர் பாத்திரத்தில், வீட்டு அடுப்பில் போடும்போது மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். பல தடவை போட்டுப் பார்த்தபின் நான் பச்சை பார்லி கலப்பின் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஏன் என்பதையும், யார் அதை முதல் தடவையிலேயே தொடக்கூடாது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் சட்டம். தானியத்தை வேகவைத்து, ஈஸ்ட் போட்டு ஊறல் வைப்பது வரை வேலை பீர் தயாரிப்பதைப் போன்றதுதான், பல நாடுகளில் வீட்டு உபயோகத்துக்கு அதற்குத் தடையில்லை. அதைக் காய்ச்சி வடிப்பது வேறு விஷயம். அயர்லாந்து, பிரிட்டன் உட்படப் பெரும்பாலான நாடுகளில் லைசென்ஸ் இல்லாமல் வடித்தால் குற்றம். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் வடிகலன் பக்கம் போக வேண்டும். இந்தக் கட்டுரை மாஷோடும் ஊறலோடும் நின்றுவிடுகிறது. ருசியில் பெரும்பகுதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஐரிஷ் விஸ்கிக்கான 2014 தொழில்நுட்ப ஆவணம் மூன்று வகைக்கும் எல்லை வகுத்திருக்கிறது. மால்ட் விஸ்கி என்றால் 100 சதவீதம் முளைகட்டிய பார்லி. பாட் ஸ்டில் விஸ்கி என்றால் முளைகட்டியது குறைந்தது 30 சதவீதம், முளைகட்டாதது குறைந்தது 30 சதவீதம்; ஓட்ஸ், ரை போன்ற வேறு தானியம் 5 சதவீதம் வரை போகலாம். கிரெய்ன் விஸ்கியில் மால்ட் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மிச்சம் மக்காச்சோளம், கோதுமை அல்லது பச்சை பார்லி. முதல் வகைக்கு புஷ்மில்ஸ் நல்ல உதாரணம். இரண்டாவதற்கு மிடில்டன் ஆலையில் தயாராகும் ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட். டப்ளினில் 2015ல் திறந்த டீலிங் ஆலை, தன் பாட் ஸ்டில் விஸ்கிக்கு முளைகட்டியதையும் கட்டாததையும் சரிபாதியாகப் போடுகிறது. வீட்டில் செய்பவர்களுக்கும் அந்தப் பாதிக்குப் பாதி கணக்கு நினைவில் வைக்கச் சுலபம்.

முழு மால்ட் மாஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது நம்மை அதிகம் சோதிப்பதில்லை. முளைகட்டும்போதே பார்லியின் செல்சுவர்கள் உடைந்துவிடுகின்றன, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளும் உள்ளேயே உருவாகிவிடுகின்றன. 6 கிலோ மால்ட்டை நொறுக்கி, 70 டிகிரியில் இருக்கும் 18 லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கிளறினால் மாஷ் 64 டிகிரி பக்கம் வந்து நிற்கும். போர்வை சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் போதும். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு அயோடின் வைத்தால் நீலம் பாயாது, மாவுச்சத்து மிச்சமில்லை என்று அர்த்தம். உமி தானாகவே வடிகட்டியாகி, சாறு தெளிவாக இறங்கும். மேலே கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினால் 23 லிட்டருக்கு 1.060 அடர்த்தி (வெறும் தண்ணீர் 1.000) கிடைக்கும். ஊறல் முழுதாகப் புளித்து 1.000 வரை இறங்கினால் 8 சதவீதத்துக்கு நெருக்கமாக ஆல்கஹால். முதல் தடவை போடுபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

குறை என்னவென்றால், இதில் 'ஐரிஷ்' என்று கைகாட்ட எதுவும் இல்லை. மூன்று முறை காய்ச்சி வடிப்பதால் ஒரு மென்மை வரும், உண்மைதான். ஆனால் தானியத்தைப் பொறுத்தவரை ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட்டுக்குப் போடும் அதே மாஷ்தான் இதுவும்.

பச்சை பார்லி சேரும்போதுதான் கதை மாறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் மால்ட்டுக்கு வரி போட்டார்கள், வரியைக் குறைக்க ஐரிஷ் ஆலைக்காரர்கள் முளைகட்டாத பார்லியைக் கலந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். வரிக்காகச் சேர்த்தது ருசிக்காக நிலைத்துவிட்டது. நாக்கில் படரும் எண்ணெய்த்தன்மை, பாலாடை போன்ற கனம், பின்னால் வரும் மிளகு, கிராம்பு வாசம் எல்லாம் இந்தப் பச்சை பார்லியின் கொடைதான். ஊறலிலேயே இதை முகரலாம். முழு மால்ட் ஊறல் பிஸ்கட் மாதிரி மணக்கும். கலப்பு ஊறலில் புல்லும் பச்சைத் தானியமுமாக ஒரு வாசம் இருக்கும்.

அந்தக் கொடைக்கு விலை உண்டு. முதல் சிக்கல் நொதி. பச்சை பார்லிக்கு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் திறன் சொற்பம், கூட்டாளியான மால்ட்தான் இரண்டு பேர் வேலையையும் செய்ய வேண்டும். மால்ட்டின் நொதித் திறனை லிண்ட்னர் என்ற அளவில் சொல்வார்கள். மொத்தத் தானியத்துக்கும் சராசரியாக 30, 35 லிண்ட்னராவது இருந்தால்தான் மாஷ் நிம்மதியாக முடியும். பீர்க்காரர்கள் அதிகம் வாங்கும் பேல் ஏல் மால்ட் சுமார் 45. அதைப் பாதிக்குப் பாதி கலந்தால் சராசரி 22க்கு வந்துவிடும். மாஷ் மணிக்கணக்கில் இழுக்கும், அயோடின் நீலமாகவே நிற்கும். லாகர் மால்ட் சுமார் 100, அதில் பாதி போட்டாலே 50 வந்துவிடும். பிரச்சினையே இல்லை. நான் ஆரம்பத்தில் கெடுத்த மாஷ்களுக்கு எல்லாம் காரணம் இந்தக் கணக்கைப் போடாததுதான். பாட் ஸ்டில் மாஷுக்கு லாகர் மால்ட் அல்லது நொதி மிகுந்த டிஸ்டில்லர்ஸ் மால்ட் வாங்குங்கள், பேல் ஏல் வேண்டாம்.

இரண்டாவது, அரைப்பது. மால்ட் விரலால் நசுக்கினாலே நொறுங்கும். பச்சை பார்லி கல் மாதிரி இருக்கும், கையால் சுற்றும் மால்ட் மில்லில் போட்டால் கைப்பிடி தடுக்கி நிற்கும். உருளை இடைவெளியை முதலில் அகலமாக வைத்து ஒரு தடவை, பிறகு குறுக்கி இன்னொரு தடவை ஓட்டுவது நல்லது. ரவை பதம் வரவேண்டும். முழு மாவாகிவிட்டால் அடுத்த சிக்கல் இரட்டிப்பாகும்.

அந்த அடுத்த சிக்கல்தான் பெரியது: மாஷிலிருந்து சாற்றை வடிகட்டுவது. முளைகட்டாத பார்லியின் செல்சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கான் தண்ணீரோடு சேர்ந்து பசையாகிறது. குழாயைத் திறந்தால் முதலில் விரல் கனத்துக்குச் சாறு வரும். அரை லிட்டர் போனதும் பென்சில் கனமாகும். அப்புறம் நூல், அப்புறம் சொட்டு. மேலே பார்த்தால் தானியப் படுகையின் மேல் சாம்பல் நிறத்தில் ஈரமாவு மாதிரி ஒரு ஏடு படிந்திருக்கும். அதில் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கும். அந்த நேரத்தில் குழாயை இன்னும் திறப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. திறக்கத் திறக்கப் படுகை அமுங்கி இறுகும். குழாயை மூடுங்கள். கொஞ்சம் சுடுதண்ணீர் சேர்த்து, மொத்தச் சூடு 70, 72 டிகிரியைத் தாண்டாமல் மெதுவாகக் கிளறிவிட்டு, 15 நிமிடம் படியவிடுங்கள். பிறகு குழாயைக் கால்வாசி மட்டும் திறந்து, முதலில் வரும் கலங்கலைத் திரும்ப மேலேயே ஊற்றுங்கள். உமி ஒழுங்காகப் படிந்தவுடன் சாறு தெளியும்.

சூட்டை அதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பீரைப் போல விஸ்கிச் சாற்றைக் கொதிக்கவைப்பதில்லை. உயிரோடு இருக்கும் நொதிகள் ஊறலிலும் வேலை செய்து, மிச்சமிருக்கும் பெரிய சர்க்கரைத் துண்டுகளை வெட்டித் தருகின்றன. ஊறல் 1.000 வரை இறங்குவது அதனால்தான்.

இந்த அடைப்பே வராமல் தடுக்க இரண்டு வழி. ஒன்று, மாஷை நேராக 64க்குக் கொண்டுபோகாமல் முதலில் 45 டிகிரியில் 30 நிமிடம் நிறுத்துவது. பசையை உடைக்கும் நொதி மால்ட்டிலேயே இருக்கிறது, அதற்குப் பிடித்த சூடு அதுதான். பிறகு அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே 64க்கு ஏற்றி ஒன்றரை மணி நேரம் விடலாம். பார்லியின் மாவுச்சத்து கிட்டத்தட்ட இந்தச் சூட்டிலேயே வெந்துவிடும் என்பதால் தனியாகக் கஞ்சி காய்ச்ச வேண்டிய அவசியமில்லை. இது பச்சை பார்லிக்கு உள்ள பெரிய வசதி.

இரண்டாவது வழி ஓட்ஸ். பழைய ஐரிஷ் ஆலைகளின் மாஷ் கணக்குகளில் ஓட்ஸ் அடிக்கடி வரும், 2014 ஆவணத்தின் 5 சதவீதத்தைவிடக் கூடுதலாகவே வரும். அதன் தடித்த உமி படுகையை இளக்கி வைக்கும், ருசிக்கும் ஒரு வழவழப்பு தரும். 6 கிலோவுக்கு 300 கிராம் சேர்த்தால் 5 சதவீதம். இங்கே ஒரு எச்சரிக்கை: வேண்டியது உமியோடு கூடிய முழு ஓட்ஸ். காலை உணவுக்கு விற்கும் தட்டை ஓட்ஸில் உமி இல்லை, பசைதான் கூடும். உதவிக்கு என்று சேர்த்து அடைப்பை வாங்கிக்கொள்வீர்கள்.

பச்சை பார்லி வாங்குவதிலும் இதே கவனம் வேண்டும். உமியோடு கிடைக்கும் முழு பார்லி முதல் தரம். சூப்புக்குப் போடும் முத்து பார்லியில் உமி சீவப்பட்டிருக்கும், ருசி குறை சொல்லமுடியாது, ஆனால் வடிகட்ட ஆதாரம் போய்விடும். 30 சதவீதம் வரை சமாளிக்கலாம். தட்டிய பார்லி முன்பே வெந்தது, மில்லுக்கு வேலையில்லை, அடைப்பு ஆபத்து மட்டும் அதிகம். விதைக்காக விற்கும் பார்லியை மட்டும் தொடவே கூடாது. அதில் பூஞ்சைக்கொல்லி மருந்து பூசியிருக்கலாம்.

வடிகட்டாமல் தானியத்தோடு சேர்த்தே ஊறல் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், சர்க்கரை நன்றாகவே கிடைக்கும். ஆனால் பிறகு அந்தக் குழம்பைப் பிழிந்து தெளியவைக்க வேண்டியிருக்கும். தானியத் துணுக்கு கிடந்தால் நேரடிச் சூட்டில் அடிபிடித்துக் கருகல் வாடை வந்துவிடும். தெளிந்த சாற்றில் பழ வாசம் தூக்கலாகவும், கலங்கல் சாற்றில் தானிய வாசம் தூக்கலாகவும் இருக்கும் என்பதும் கணக்கில் வரவேண்டும். எனக்கு வடிகட்டுவதே சரி என்று படுகிறது.

கடையில் வாங்கும் நொதியைச் சேர்ப்பது ஏமாற்று வேலையா? ஸ்காட்ச் விதிகள் தானியத்தின் சொந்த நொதியை மட்டுமே அனுமதிக்கின்றன. ஐரிஷ் சட்டம் மால்ட்டின் நொதியோடு பிற இயற்கை நொதிகளையும் ஏற்கிறது. ஆகவே 45 டிகிரி நிறுத்தத்தில் பசையை உடைக்கும் நொதியான பீட்டா குளுக்கனேஸைக் கொஞ்சம் தூவுவதில் மரபுக்கு விரோதம் எதுவுமில்லை.

கிரெய்ன் மாஷைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளத்தை 90 டிகிரிக்கு மேல் வேகவைத்துக் கூழாக்கி, ஆறவைத்து, பிறகு மால்ட் சேர்க்க வேண்டும். 30 சதவீத மால்ட்டில் சர்க்கரையாக்க நொதி மிகுந்த மால்ட் கட்டாயம். அடி பிடிக்கும், கை வலிக்கும். முக்கியமாக, இந்த மாஷ் தொடர்ந்து ஓடும் நெடுங்கோபுர வடிகலனுக்காக உருவானது. டப்ளினில் கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி 1830ல் காப்புரிமை வாங்கிய அந்த வடிவத்தில்தான் இதன் லேசான, சுத்தமான குணம் வெளிப்படும். சின்னப் பாத்திரத்தில் உழைப்புக்கேற்ற பலன் இல்லை.

ஆக, மில்லும் தெர்மாமீட்டரும் இப்போதுதான் வாங்கியவர் இரண்டு தடவை முழு மால்ட் போட்டுக் கை பழகட்டும். பிறகு 60க்கு 40 என்று லாகர் மால்ட்டும் பச்சை பார்லியும், அது ஒழுங்காக வடிந்தால் பாதிக்குப் பாதி, 300 கிராம் உமி ஓட்ஸைக் கூடவே சேர்த்துக்கொள்ளலாம். பாதிக்குப் பாதியில் அடர்த்தி 1.052 பக்கம்தான் நிற்கும், முழு மால்ட்டைவிட ஒரு சதவீத ஆல்கஹால் குறையும். அதற்காகச் சர்க்கரை கொட்டி ஈடுகட்டாதீர்கள், கனம் போய்விடும். ஊறலுக்கு 25 டிகிரி, லிட்டருக்கு ஒரு கிராம் உலர் ஈஸ்ட், நான்கைந்து நாள். நுரை அடங்கியபின் ஒரு நாள் கூடுதலாக விட்டால் லாக்டிக் பாக்டீரியா லேசான புளிப்பும் பழ வாசமும் சேர்க்கும்.

இன்னொன்று, ஐரிஷ் ஆலைகளிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டியது. கடைசியாக ஊற்றிக் கழுவிய தண்ணீரில் இனிப்பு சொற்பமாக இருக்கும், அதைக் கீழே கொட்டமாட்டார்கள், அடுத்த மாஷின் முதல் தண்ணீராக எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் செய்யலாம். மறுநாளே அடுத்த மாஷ் போடுவதாக இருந்தால் மட்டும், கொதிக்கவைத்து மூடி வைத்து. ஒரு இரவு அப்படியே விட்டால் புளித்துவிடும்.