தேன்மெழுகு லிப் பாமா, வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியா?

உதடு அடிக்கடி வெடித்து, சிவந்து, அரிக்கிறதா? குளிரையோ வெயிலையோ குறை சொல்லும் முன் பூசும் பொருளைச் சந்தேகியுங்கள்.

தேன்மெழுகு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். சிக்கல் அதில் கலந்து வரும் புரோபோலிஸில்தான். தேனீக்கள் மரப்பிசினிலிருந்து சேகரிக்கும் அந்தப் பசையில் உள்ள காஃபீயிக் அமில எஸ்டர்கள் என்ற வேதிப்பொருட்கள் ஒவ்வாமையைத் தூண்டும். பெரு பால்சம் என்ற வாசனை மரப்பிசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் சேராமல் போகலாம். வாசனைக்குச் சேர்க்கும் புதினா, எலுமிச்சை எண்ணெய்களும் அப்படியே. எலுமிச்சை எண்ணெயில் உள்ள லிமோனீன் என்ற வாசனைப்பொருள் காற்றுபட்டுப் பழசாகும்போது ஒவ்வாமைத் தன்மை கூடும்; ஆகவே பழைய டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். 'இயற்கை' என்ற சொல் இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது.

பெட்ரோலியம் ஜெல்லிக்கு ஒவ்வாமை மிக மிக அரிது. ஒவ்வாமையைக் கண்டறியத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில், பல பொருட்களைக் கலக்க அதையே பயன்படுத்துகிறார்கள். பிசுபிசுப்பு உண்டு, அடிக்கடி பூச வேண்டும். வாசனை சேர்க்காததையே வாங்குங்கள்.

புது பாமை முழங்கை மடிப்பில் தினம் 2 முறை, 7 முதல் 14 நாள் பூசிப் பாருங்கள். எதிர்வினை தெரிய 2, 3 நாளாகலாம் என்பதால் ஒருநாள் சோதனை ஏமாற்றும். அரித்தால் உடனே நிறுத்துங்கள். உதடு ஏற்கெனவே புண்ணாக இருந்தால் யோசனையே வேண்டாம், ஜெல்லிதான்.