ஹார்லெமா, கொரோனாவா?

ஒரு கலைஞரின் வாழ்க்கையை அவருடைய தாள்களிலும் ஒலிநாடாக்களிலும் தேடுவோருக்கு நியூயார்க்கில் இரண்டு ஆவணக்காப்பகங்கள் முக்கியமானவை. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, ஹார்லெம் பகுதியில் உள்ள ஷாம்பர்க் மையம் என்ற, கறுப்பின மக்களின் வரலாறு, பண்பாடு பற்றிய ஆய்வு நூலகம். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் ஆவணங்களும் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸின் ஆவணங்களும் 2017இல் இங்கே வந்து சேர்ந்தன. இருவருமே ஹார்லெமில் பிறந்தவர்கள். கைப்பிரதிகளில் பால்ட்வினின் திருத்தங்களைப் பார்க்கலாம். ராலின்ஸின் பயிற்சிக் குறிப்புகளைப் படிக்கலாம். பால்ட்வினின் அந்தரங்கக் கடிதங்களில் ஒரு பகுதி மட்டும் 20 ஆண்டுகளுக்கு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வாளர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

இரண்டாவது, நியூயார்க்கின் குவீன்ஸ் வட்டாரத்தில் கொரோனா என்ற பகுதியில் இருக்கும், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் வீடும் அவருடைய காப்பகமும். 1943 முதல் 1971இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்த வீடு அது. தம் வாழ்க்கையைத் தாமே ஆவணப்படுத்திய மனிதர் அவர்! 600க்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களில் நண்பர்களோடு பேசிய பேச்சு, நகைச்சுவை, இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்த டிரம்பெட் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நாடாப் பெட்டிகளின் மேல் புகைப்படங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் வெட்டி ஒட்டி அலங்கரித்தவரும் அவரே. 2018இல் இத்தொகுப்பு எண்மமாக்கப்பட்டு இணையத்தில் திறந்துவிடப்பட்டது. அதனால் மதுரையில் இருப்பவரும் பார்க்கலாம்.

எழுத்து உருவாகும் விதத்தை ஆராய்பவர் ஹார்லெமுக்கே போக வேண்டும். ஒரு மனிதரை அவர் குரலிலேயே அறிய விரும்புவோருக்கு நான் தயங்காமல் சொல்வது ஆம்ஸ்ட்ராங்கைத்தான்.